இழுவைமடித் தொழிலுக்கு முடிவுத் திகதி கோரும் மனு

யாழ்ப்பாணம்

பெறுநர்:
மாண்புமிகு கடற்றொழில் அமைச்சர், மாண்புமிகு வெளிநாட்டலுவல்கள் அமைச்சர், மீன்பிடி விவகாரங்களுக்கான இந்திய–இலங்கைக் கூட்டுச் செயற்குழுவின் இருநாட்டு உறுப்பினர்கள்

பிரதி: இந்தியத் துணைத் தூதரகம், யாழ்ப்பாணம்

விடயம்: இந்திய–இலங்கை உறவை வலுப்படுத்தும் பேச்சுகளில் பாக்குநீரிணை இழுவைமடித் தொழிலை முதல் விடயமாக எடுத்தல்

ஐயா / அம்மணி,

வடபகுதிக் கரையில் சிறுபடகுகளில் வலை படுத்துப் பிழைக்கும் கடற்றொழிலாளர்களின் சங்கம் எம்முடையது.

இந்தியாவுடனான உறவு வளர வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1998இல் கைச்சாத்தான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை, 2022இன் நெருக்கடியில் வந்த உதவி, 2025 ஏப்ரலில் கைச்சாத்தான பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கை ஆகிய எதையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எரிபொருள் இன்றிப் படகுகள் கரையில் கிடந்த அந்த 2022இல், நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவுத் தொழிலாளர் 700 பேருக்கு 15,000 லீற்றர் மண்ணெண்ணெயை இந்தியா கொடுத்ததை எமது மக்கள் மறக்கவில்லை. அதே தீவுகளின் கடலில் எமது வலைகளை அறுப்பதும் இந்தியாவிலிருந்து வரும் இழுவைமடிப் படகுகள்தான். இதைச் சொல்லாமல் நட்பைப் பற்றிப் பேச எம்மால் முடியாது.

கோரிக்கை 1: பாக்குநீரிணையில் இழுவைமடித் தொழில் முடிவுக்கு வரும் திகதியை இரு அரசுகளும் கூட்டாக அறிவிக்க வேண்டும்.

இதே கோரிக்கையை முன்னைய மனுக்களிலும் வைத்தோம். “கடிதம் கிடைக்கப்பெற்றது” என்ற ஒற்றை வரிக்கு மேல் பதில் வரவில்லை. ஆதலால் அவற்றில் எழுதியதை மீண்டும் முழுமையாக எழுதுகிறோம்.

எமது தொழிலாளி மாலையில் நண்டு வலையையோ மீன் வலையையோ படுத்துவிட்டு விடியலில் எடுப்பவர். இரவில் எல்லை தாண்டி வரும் றோலர் கடலடியை வழித்துக்கொண்டு போகையில் அந்த வலையும் அதன் மடிக்குள் போகிறது. விடியப் போனால் மிதவைகூட மிஞ்சுவதில்லை. கடன்பட்டு வாங்கிய வலைக்கு இழப்பீடு கேட்க ஓர் இடமும் இல்லை. இராமேசுவரத்து விசைப்படகுகள் இறங்கும் நாட்கள் திங்கள், புதன், சனி என்பது எமது கரையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அந்த இரவுகளில் வலை படுக்கத் துணியாமல் கரையில் இருப்பவர்கள் ஏராளம். சொந்தக் கடலில் வாரத்தில் ஏறக்குறைய பாதி நாளை இப்படி இழக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழ்நாட்டில் மீன்பிடித் தடை நடக்கும் 61 நாட்களில்தான் எமது வலைகள் அச்சமின்றிக் கடலில் கிடக்கின்றன. ஆழம் குறைந்த இக்கடலின் அடித்தளம் ஆண்டு முழுவதும் உழப்பட்டால் மீன் எங்கே பெருகும்? அந்த நட்டம் எமக்கு மட்டுமல்ல, இராமேசுவரத்துக்கும்தான்.

சட்டம் இல்லாத குறையும் இல்லை. யாழ்ப்பாண மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எம்.ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாக முன்வைத்த தடை, 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமாகி, இழுவைமடியை இலங்கைக் கடலில் எவருக்கும் இல்லாமல் செய்தது. எமது கரையில் அத்தொழில் செய்தவர்களையும் அது நிறுத்தச் சொன்னது. 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணமும் உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமோ, கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு தொழில் செய்வதைத் தடுக்கிறது. அங்குள்ள சிறு தொழிலாளிக்கு அவசியம் என்று கண்ட அந்தப் பாதுகாப்பு இங்குள்ள சிறு தொழிலாளிக்கும் அவசியமே.

இவை எல்லாவற்றிலும் மேலாக நாம் முன்வைப்பது இரு அரசுகளும் தாமாகவே ஒப்புக்கொண்ட ஒன்றை. 2016 நவம்பர் 5ஆம் திகதி புதுடில்லியில் கூடிய இருநாட்டு அமைச்சர்கள் கூட்டுச் செயற்குழுவை அமைத்தார்கள். இழுவைமடித் தொழிலை இயன்றளவு விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவதைத் துரிதப்படுத்துவது அதன் பணிகளில் ஒன்று என எழுதினார்கள். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் அமைச்சர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் கூடுவதென்றும் முடிவு செய்தார்கள். முதற்கூட்டம் 2016 டிசம்பர் 31இல் நடந்தது. ஆறாவது கூட்டம் 2024 ஒக்டோபர் 29இல் கொழும்பில் நடந்தது. ஒப்புக்கொண்டபடி நடந்திருந்தால் அந்த இடைவெளிக்குள் முப்பதுக்கு மேற்பட்ட கூட்டங்கள் முடிந்திருக்க வேண்டும். “இயன்றளவு விரைவில்” என்று எழுதிய ஆண்டில் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் இன்று தகப்பனோடு கடலுக்குப் போகிறார்கள். எமக்குப் புதிய உடன்பாடு வேண்டாம். 2016இல் எழுதியதற்கு ஒரு திகதியைச் சேர்த்தால் போதும்.

அவகாசம் போதவில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது. 2015 மார்ச்சில் சென்னையில் நடந்த இருதரப்பு மீனவர் பேச்சில் தமிழ்நாட்டுத் தரப்பு மூன்று ஆண்டு கேட்டது. நாம் அதை ஒப்பவில்லை. ஒப்பியிருந்தாலும் அந்த மூன்று ஆண்டுகள் எப்போதோ கடந்துவிட்டன. இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்ற 2017இல் இந்தியா தொடங்கிய திட்டத்தின் இலக்கு 2,000 படகுகள். அந்த இலக்கின் கிட்டவும் அது போகவில்லை. படகொன்றுக்கு 80 இலட்சம் இந்திய ரூபா என்ற தொடக்க மதிப்பீட்டில் ஒரு பகுதியைக் கடனாகச் சுமக்கத் தொழிலாளி அஞ்சியது எமக்கு விளங்குகிறது. அந்தச் சுமையைக் குறைக்க வேண்டியது இந்திய அரசு.

எமது கடலில் பிடிபட்டுச் சிறை செல்பவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு ஏறியவர்கள், எமது மொழி பேசும் ஏழைகள். அவர்கள் அடிபடுவதையோ சுடப்படுவதையோ நாம் ஒருபோதும் விரும்பவில்லை. படகைத் தடுக்காமல் ஆட்களைப் பிடித்து விடுவிப்பதால் எவருடைய துயரும் தீரவில்லை.

கோரிக்கை 2: வலை இழந்தோருக்கு இழப்பீடு வழங்க இருநாட்டுப் பங்களிப்பில் நிதியம் ஒன்று அமைக்கப்பட வேண்டும்.

கோரிக்கை 3: இந்திய நன்கொடையில் அமைந்த கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்தின் பருத்தித்துறைச் சாதனங்கள் எமது படகுகளின் அவசர அழைப்புகளுக்கும் பயன்பட ஏற்பாடு செய்யப்பட வேண்டும்.

கோரிக்கை 4: மயிலிட்டித் துறைமுகத்தில் கட்டப்பட்டுள்ள கைப்பற்றிய படகுகள் அகற்றப்பட்டு, இடம் உள்ளூர்ப் படகுகளுக்கு விடப்பட வேண்டும்.

கோரிக்கை 5: பலாலி விமான நிலையத்தின் ஊடாகவும், நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் சேவையின் ஊடாகவும் நண்டு, மீன் ஏற்றுமதிக்குக் குளிரூட்டிய சரக்கு வசதி செய்யப்பட வேண்டும்.

கோரிக்கை 6: கூட்டுச் செயற்குழுவில் வடபகுதிக் கடற்றொழிலாளர் பிரதிநிதிகளுக்குப் பார்வையாளர் இடமாவது வழங்கப்பட வேண்டும்.

இரண்டு முதல் ஆறு வரையான கோரிக்கைகளைப் படிப்படியாக நிறைவேற்றலாம், நாம் பொறுத்திருப்போம். முதற்கோரிக்கைக்கு மட்டும், கூட்டுச் செயற்குழுவின் அடுத்த கூட்டத் திகதியையும் அதன் நிகழ்ச்சிநிரலில் இழுவைமடி முதல் விடயமாக இடம்பெறுமா என்பதையும் குறிப்பிட்டு, இம்மனு கிடைத்து 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
செயலாளர்
(பொதுக்குழுவின் தீர்மானப்படி)