கடல் பார்த்துக்கொள்ளுமா?

நம் வயதுக்காரர்களுக்கு டி.டி.டி. என்றால் விளக்கம் தேவையில்லை. மலேரியாக்காரர்கள் பம்பும் வாளியுமாக வந்து சுவரெல்லாம் அடித்துவிட்டு, வாசலில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் நிற்பதுதான் அந்த மருந்தின் பெருமை. தொல்லையும் அதுவே.

"கடலடிச் சேற்றில் இருக்கும் கிருமிகளே விஷத்தைத் தின்றுவிடுமாம், இனி என்ன கவலை?" என்று நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் கேட்டிருந்தார். பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே மான்ட்ரோஸ் என்ற கம்பெனி 1947 முதல் டி.டி.டி. தயாரித்தது. கழிவு ஊர்ச் சாக்கடைக்குப் போனது, சாக்கடை கடலுக்குப் போனது. 1971-ல் நிற்கும்வரை பாலோஸ் வெர்டஸ் கடலில் கலந்த டி.டி.டி. சுமார் 1,700 டன் என்கிறது அந்நாட்டு அரசின் கணக்கு. மீன் வழியாக அது கூழைக்கடாக்களுக்குள் போனது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்த தாயின் பாரத்திலேயே உடைந்தது. 1970-ல் அனகாபா தீவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கூடுகளில் தேறியது ஒரே ஒரு குஞ்சு!

சேற்றில் கிடக்கும் டி.டி.டி., டி.டி.இ. ஆக மாறும். அதற்குமேல் அது அசையாது என்றுதான் நினைத்திருந்தார்கள். 1998-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அந்தக் கடற்சேற்றையே எடுத்துக் காற்றுப் படாமல் வைத்துப் பார்த்தார்கள். அதிலிருந்த பாக்டீரியாக்கள் டி.டி.இ.யின் நான்கு குளோரின் அணுக்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஹைட்ரஜனை வைத்திருந்தன. கண்ணுக்குத் தெரியாத ஜீவன் செய்கிற வேலையைப் பாருங்கள். கைகூப்பத் தோன்றுகிறது எனக்கு.

ஆனால் கழன்றது ஒன்றுதான், இன்னும் மூன்று பாக்கி. பெயர் டி.டி.எம்.யு. என்று மாறுகிறதே தவிர, கணக்கு தீரவில்லை. வேலையும் ஆமை வேகம். கம்பெனி டன் கணக்கில் கொட்டியதை, இந்தக் கிருமிகள் அணு அணுவாகக் கழற்றியாக வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். கடலில் குழாய் இறக்க அனுமதி கேட்டு வருபவர், இந்தக் கிருமிகளைச் சாட்சிக்கு அழைத்தால் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி. எத்தனை வருஷத்தில் தின்று முடிக்கும், அதுவரை அந்த மீனைச் சாப்பிடுகிறவர் கதி என்ன என்பதை அவர் முதலில் எழுத்தில் தரட்டும்.

பாலோஸ் வெர்டஸ் பக்கம் கொட்டுவது நின்று ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நம் கத்தாளை இனத்தைச் சேர்ந்த ஒரு மீன் அங்கே உண்டு. அதைப் பிடித்தால் சாப்பிடாதீர்கள் என்று இன்னமும் எச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள்.