நடுக்கம் மட்டுமா நோய்?

பார்க்கின்சன் நோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது நடுங்கும் கைதான். நடுக்குவாதம் என்றே பெயரும் வைத்துவிட்டோம். நடுக்கம் கூடினால் நோய் முற்றிவிட்டது, குறைந்தால் தேவலை என்று கணக்குப் போடுகிறோம். இந்தக் கணக்கு சரியில்லை என்பது என் கருத்து.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியது 1817-இல். அதன் கடுமையை அளக்க ஹோன், யாஹ்ர் என்ற இரு மருத்துவர்கள் 1967-இல் ஐந்து படிகளை வகுத்தார்கள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பாதித்தால் முதல் படி, இரண்டு பக்கமும் என்றால் இரண்டாவது. நிற்கும்போது தடுமாற்றம் வந்தால் மூன்றாவது. நான்காவதில் தானாக நிற்கவோ நடக்கவோ முடியும், ஆனால் மற்றவற்றுக்குத் துணை வேண்டும். ஐந்தாவதில் சக்கர நாற்காலி அல்லது படுக்கை. எளிய, பயனுள்ள அளவுகோல்தான். ஆனால் அது உடம்பின் அசைவை மட்டுமே பார்க்கிறது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டாவது படியில்தான் இருக்கிறார். "பயப்பட ஒன்றுமில்லை" என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் அவர் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. பந்தியில் நாலு பேர் பார்க்கக் கை நடுங்கிச் சாதம் சிந்துமே என்ற கூச்சம். இரவில் புரண்டு படுக்க முடியவில்லை. மலச்சிக்கல் வேறு. முகத்தில் சிரிப்பு வராததால் கோபமாக இருக்கிறார் என்று பேரப்பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள். இதெல்லாம் எந்தப் படியில் வரும்?

மருத்துவ உலகம் இதை அறியாமல் இல்லை. 1990-களில் ஆக்ஸ்ஃபோர்டில் 39 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள். நடமாட்டம், அன்றாட வேலைகள், மனநிலை, வெளியில் தலைகாட்டக் கூச்சம், பிறரின் ஆதரவு, ஞாபகம், பேச்சு, உடல் வலி என எட்டு வகைகளில், கடந்த ஒரு மாதம் எப்படிப் போனது என்று நோயாளியிடமே கேட்கிறது அது. நடுக்கத்தைவிட மனச்சோர்வே வாழ்க்கையை அதிகம் கெடுக்கக்கூடும் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில், ஐந்து நிமிஷத்தில், 39 கேள்விகளை யார் கேட்பது?

இன்னொன்றும் உண்டு. லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் டாக்டரைப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். அதன் வேகம் இறங்கியபின் வீட்டில் படும் பாடு அவருக்குத் தெரிய வழியில்லை.

ஆகவே பாதி அளவீட்டை நாம்தான் செய்ய வேண்டும். ஒரு சின்ன நோட்டு போதும். மாத்திரை எத்தனை மணிக்கு, உடம்பு இறுகியது எப்போது, தூக்கம், மலம், மனசு எப்படி என்று இரண்டு வாரம் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். முக்கியமாக, நோயாளியைப் பேச விடுங்கள். இந்த நோயில் குரல் தாழ்ந்துவிடும், பேச்சு மெதுவாக வரும். அவசரப்பட்டு மகனோ மனைவியோ பதில் சொல்லிவிடுகிறோம். நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. இருக்கிற நாட்களை நல்லபடியாக வாழ வைப்பதுதான் வைத்தியம் என்றால், அந்த நாட்கள் எப்படிப் போகின்றன என்று அவரைத்தானே முதலில் கேட்க வேண்டும்?