பக்கத்து ஊருக்கு ரோடு வந்தாச்சு... நம்ம ஊருக்கு?

போன மாதம் தர்மபுரி பக்கம் இருக்கும் சித்தி ஊருக்குப் போயிருந்தேன். மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். எப்போதோ போட்ட தார் பெயர்ந்து, ஜல்லி மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. சித்தியின் மருமகளுக்கு நடுராத்திரி பிரசவ வலி எடுத்தபோது, ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டதாம். பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் சித்தி பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் நலம். ஆனால், அந்த இரண்டு கிலோமீட்டரைச் சொல்லும்போது சித்திக்கு இன்னும் குரல் நடுங்குகிறது.

“பக்கத்து ஊருக்கு மட்டும் பளபளன்னு போட்டுட்டாங்களே கண்ணு... அவங்களுக்கு யாரைத் தெரியும்?” என்று கேட்டார்.

நம்மில் பலரும் கேட்கும் கேள்விதான். சிபாரிசு எங்கேயும் இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால், அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது நமக்குத் தெரிவதில்லை.

முதலில், ரோடு யாருடையது? மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, இதர மாவட்டச் சாலை எல்லாம் நெடுஞ்சாலைத்துறையுடையவை. ஊராட்சி ஒன்றியச் சாலையும் கிராம ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சித்துறையின் கீழ் வருபவை. ஒரு துறையின் ரோட்டுக்கு இன்னொரு துறையிடம் வருடக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அடுத்து, பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம். 2000-ம் ஆண்டு டிசம்பர் 25-ல் தொடங்கியது. ரோடே இல்லாத ஊர்களுக்கு ரோடு போடுவதுதான் முதல் நோக்கம். சமவெளியில் 500 பேர், மலை மாநிலங்களிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேர் இருந்தால்தான் அந்த ஊர் பட்டியலில் ஏறும். 480 பேர் இருக்கும் ஊர் என்ன செய்யும்? 500 மீட்டர் சுற்றளவில் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ண விதியில் இடம் உண்டு. கேட்டால்தான் எண்ணுவார்கள்.

2024-ல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்தில் 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் போட இருக்கிறார்கள். தலை எண்ணிக்கை மட்டும் 2011 கணக்குதான். அதற்குப் பின் வந்த வீடுகள் அந்தக் கணக்கில் இல்லை.

சித்தி ஊர் பிரச்னை வேறு. அங்கே ஏற்கெனவே ரோடு ‘இருக்கிறது’. அதை மேம்படுத்த வேண்டும். இதற்கு இரண்டு விஷயம் பார்க்கிறார்கள். ஒன்று, ரோட்டின் நிலைமை. 1 முதல் 5 வரை மார்க். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் சுகமாகப் போனால் 5. பத்துகூடத் தாண்ட முடியாவிட்டால் 1. இந்த விஷயத்தில் சித்தி ஊர் ரோடுதான் ஸ்டேட் ஃபர்ஸ்ட்!

இரண்டாவது விஷயத்தில்தான் அடி வாங்குகிறது. 2019-ல் ஒப்புதலான மூன்றாம் கட்டத்தில் 1,25,000 கிலோமீட்டர் ரோடுகளை மேம்படுத்த முடிவானது. அந்த ரோடு எத்தனை பேரை விவசாயச் சந்தைக்கும், மேல்நிலைப் பள்ளிக்கும், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று மார்க் போட்டார்கள். பக்கத்து ஊர் ரோடு நாலு ஊரைத் தொட்டுக்கொண்டு வாரச்சந்தைக்குப் போகிறது. சித்தி ஊர் ரோடு சித்தி ஊரோடு முடிந்துவிடுகிறது. யாரையும் தெரியாமலேயே பக்கத்து ஊர் ஜெயித்துவிடும்.

இந்தக் கணக்கைத் தப்பு என்று சொல்ல முடியாது. இருக்கிற பணத்தில் நிறைய பேருக்குப் பயன்பட வேண்டும் என்றால் இப்படித்தான் பார்க்க முடியும். ஆனால், பள்ளியோ ஆஸ்பத்திரியோ சந்தையோ இல்லாத கடைக்கோடி ஊருக்குத்தானே ரோடு அதிகம் தேவை? இல்லாத ஊருக்கு மார்க்கும் இல்லை.

அதனால், கடைக்கோடி ஊர்கள் ஒரே திட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. 2023 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ‘முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம்’ இரண்டு ஆண்டுகளில் 10,000 கிலோமீட்டருக்கு 4,000 கோடி ரூபாய் என்ற கணக்கில் வந்தது. நபார்டு கடனுதவி, எம்.எல்.ஏ. தொகுதி நிதி என்று வேறு கதவுகளும் இருக்கின்றன. எந்தக் கதவைத் தட்டினாலும் கையில் காகிதம் வேண்டும்.

என்ன காகிதம்? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு கிராம சபைகள். அங்கே “ரோடு போடுங்க” என்று கத்திவிட்டு வந்தால் போதாது. எத்தனை வீடு, மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை, தினமும் எத்தனை லிட்டர் பால் வெளியே போகிறது, மழைக்காலத்தில் எத்தனை நாள் வண்டி வராது என்று எழுதித் தீர்மானமாக்க வேண்டும். நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம் நிலம். பிரதமர் திட்டத்தில் ரோட்டுக்குத்தான் பணம். நிலம் வாங்கப் பணம் கிடையாது. வரப்போரம் நாலடி விட்டுக்கொடுக்க ஒருவர் மறுத்ததால் கைநழுவிப்போன ரோடுகள் உண்டு. அந்தப் பஞ்சாயத்தை அதிகாரி வருவதற்கு முன்பே ஊருக்குள் பேசி முடிப்பது நல்லது.

ரோடு வந்த பிறகும் வேலை இருக்கிறது. பிரதமர் திட்டத்தில் போட்ட ரோட்டை 5 வருடம் பராமரிக்க வேண்டியது கான்ட்ராக்டர் பொறுப்பு. விவரம் ரோட்டோரப் பலகையிலேயே இருக்கும். பள்ளம் விழுந்தால் போட்டோ எடுத்து ‘மேரி சடக்’ ஆப்பில் புகார் கொடுக்கலாம்.

இதையெல்லாம் சொன்னதும் சித்தி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, பேத்தியின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, மருமகளிடம் நீட்டினார். “முதல்ல நம்ம தெரு. வீட்டுக்கு எத்தனை பேர்னு எழுது. அப்படியே அன்னிக்கு ராத்திரி நடந்ததையும் தேதி போட்டு எழுது.”

உங்கள் ஊர் ரோட்டின் கணக்கை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? அடுத்த கிராம சபைக்கு முன்னால் விசாரித்துப் பாருங்கள்.