பொத்தானில் சிறைப்பட்ட தமிழ்



மஸ்ஜித் தானா வட்டாரத்துப் பெற்றோர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "ஐயா, முதலாம் ஆண்டுப் பதிவு பற்றி இணையத்தளத்தில் போட்டிருப்பதாகச் சொன்னீர்களே, எங்கே இருக்கிறது?" அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். ஆறு வண்ணப் படங்கள் இருந்தன. சுட்டியை அருகே கொண்டுசென்றால் மட்டுமே பெயர் தோன்றும் பொத்தான்கள் அவை. கைப்பேசியில் சுட்டி ஏது? எந்தக் கதவு எங்கே திறக்கும் என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பொத்தான்களை வடித்தவன் அடியேன்தான்.

ஏன் அவ்வாறு செய்தோம்? 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் டிஸ்கி, டாப், டாம் எனத் தமிழுக்குப் பல குறியாக்கங்கள் இருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் நம் தமிழ் புரியாத குறிகளாகச் சிதறும். ஆகவே, சொற்களைப் படமாக வரைந்து ஒட்டினோம். அன்று அது அறிவுடைமை. ஆனால், ஒருங்குறியில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது; விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவுடன் வந்தது. இன்று கைப்பேசியிலும் தமிழ் எழுத்தாகவே தெரிகிறது. காரணம் மறைந்தது, பழக்கம் மறையவில்லை!

அடுத்து வந்தது ஃபிளாஷ் மோகம். இயல்பு நிலை, சுட்டி மேலே வரும் நிலை, அழுத்தும் நிலை, அழுத்தத்தக்க பரப்பு என ஒரு பொத்தானுக்கு நான்கு சட்டகங்கள். மின்னும், சுழலும், ஒலியெழுப்பும்! அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அதற்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அது இயங்குவதையே தடுத்தது. நான் தொகுத்த பயிற்சித்தாள்கள் அழியவில்லை. அவற்றுக்குச் செல்லும் கதவு அழிந்தது.

என் வழக்கு இதுதான்: பொத்தானில் உள்ள தமிழ் எழுத்தாக இருக்க வேண்டும், படமாக இருத்தல் ஆகாது.

தேடுபொறி முதலில் நாடுவது எழுத்தை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், மாற்றுச் சொல் இல்லாத படத்தைக் கண்டால் கோப்பின் பெயரை உளறும், அல்லது வாய்மூடிக் கிடக்கும். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் வெளியிட்ட அணுகல் நெறிமுறைகளில் முதல் நெறியே, படத்துக்கு ஈடான மாற்றைத் தருக என்பதுதான். இன்னொன்றும் உண்டு. 'பயிற்சி'யைப் 'பயிற்ச்சி' என்று பொத்தானில் வரைந்துவிட்டால், வரைந்த ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போன பின்னும் அந்தப் பிழை அங்கேயே நின்று பல்லிளிக்கும். எழுத்தென்றால் ஒரு நொடியில் திருத்திவிடலாமே!

"படம் இருந்தால்தான் மாணவரைக் கவரும்" என்பார் உளர். நாம் வகுப்பில் சொல்லட்டை காட்டுகிறோம். படத்தை மட்டும் காட்டிச் சொல்லை மறைத்தா வைக்கிறோம்? படச்சின்னத்தைச் சொல்லின் பக்கத்தில் வையுங்கள். சொல்லுக்கு மாற்றாக வையாதீர்கள்.

"நாங்கள் கணினி வல்லுநர் அல்லர்" என்பாரும் உளர். வல்லமை தேவையில்லை. சொல்லைத் தட்டச்சு செய்து இணைப்பாக்குங்கள். நிறம், ஓரம், வளைந்த முனை, நிழல் அனைத்தையும் சிஎஸ்எஸ் சில வரிகளில் தந்துவிடும். சுட்டி மேலே வந்தால் நிறம் மாற 'ஹோவர்', விசைப்பலகைவழி வருவோர்க்கு 'ஃபோகஸ்'. விரலுக்கு வசதியாகப் பொத்தானின் உயரம் 44 படப்புள்ளிகளேனும் இருக்கட்டும். ஆறு பொத்தானுக்குப் பன்னிரண்டு படங்கள் வரைந்த நான், இதை ஒரே மாலையில் முடித்தேன்.

இப்போது அறிவிப்பு முழுவதையும் ஒரே சுவரொட்டிப் படமாக்கிப் பக்கத்தில் ஒட்டும் வழக்கம் பெருகிவருகிறது. அதுவும் இதே சிறைதான்; சுவர் மட்டும் புதிது. தோட்டப்புறத்துப் பெற்றோர் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கத் தேடி வரும்போது, நம் வாசல் அவர் கண்ணுக்குத் தெரியவேண்டாமா?

இன்றிரவே உங்கள் பள்ளித் தளத்தைக் கைப்பேசியில் திறவுங்கள். பக்கத்தினுள் தேடும் வசதியில் 'பதிவு' என்று தட்டச்சு செய்யுங்கள். பொத்தானில் கண்ணுக்குத் தெரியும் அச்சொல் தேடலில் அகப்படாவிட்டால், அங்கும் தமிழ் சிறைப்பட்டிருக்கிறது.

விடுவிப்போம்!