சுகர் ஸ்டிரிப் வெறும் காகிதம் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள். சர்க்கரை போடாமல்.

நம் குடும்பக் குழுவில் காலை வணக்கத்துக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது சுகர் அளவுதான். "இன்னைக்கு 142." "எனக்கு 188, மெஷின் சரியில்ல." உடனே மெஷினை மாற்றுகிறோம், கம்பெனியைத் திட்டுகிறோம். ஆனால் சர்க்கரையை அடையாளம் கண்டு பிடிப்பது மெஷின் இல்லை. ஸ்டிரிப்பின் நுனியில் தடவியிருக்கிற ஒரு என்சைம். மெஷின் வெறும் கணக்குப்பிள்ளை. வருகிற எலக்ட்ரான்களை எண்ணி நம்பராகக் காட்டும், அவ்வளவுதான். அந்த என்சைமின் பெயர் தெரியாமல் யாரும் ஸ்டிரிப் வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

பிளஸ் ஒன், பிளஸ் டூவில் கிரெப்ஸ் சுழற்சி படித்தவர்களுக்கு எஃப்.ஏ.டி. நினைவிருக்கும். என்.ஏ.டி.க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பெயர். ஒரு மதிப்பெண் கேள்வியோடு அதன் கதை முடிந்துவிடும். முழுப்பெயர் ஃபிளேவின் அடினைன் டைநியூக்ளியோடைடு. லத்தீனில் ஃபிளேவஸ் என்றால் மஞ்சள். வைட்டமின் பி2 என்கிற ரிபோஃபிளேவினிலிருந்து நம் உடம்பே இதைச் செய்துகொள்கிறது. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறதே, அது இந்த பி2 செய்கிற வேலை. உடம்பு சூடு என்று பயப்பட வேண்டாம்.

1932-இல் ஓட்டோ வார்பர்க்கும் வால்ட்டர் கிறிஸ்டியனும் ஈஸ்ட்டிலிருந்து ஒரு மஞ்சள் என்சைமைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு ஹூகோ தியோரெல் அதை மஞ்சள் பொருள் வேறு, புரதம் வேறு என்று பிரித்துக் காட்டினார். தனித்தனியாக இரண்டும் வேலை செய்யவில்லை. திரும்பக் கலந்தால் வேலை செய்தது. என்சைம் என்றால் என்ன என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. 1955-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த மஞ்சள் பொருள் எஃப்.எம்.என்., அதாவது எஃப்.ஏ.டி.யின் தம்பி.

எஃப்.ஏ.டி.யிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. என்.ஏ.டி. எலக்ட்ரான்களை இரண்டு இரண்டாகத்தான் வாங்கும், இரண்டாகத்தான் கொடுக்கும். எஃப்.ஏ.டி. அப்படியில்லை. இரண்டாக வாங்கி ஒவ்வொன்றாகக் கொடுக்கவும் அதற்குத் தெரியும். பெரிய நோட்டுக்குச் சில்லறை மாற்றித் தருகிற கடைக்காரர் மாதிரி. இன்னொன்று, அது என்சைமை விட்டு அநேகமாக இறங்கி ஊர் சுற்றாது, புரதத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பாடப்புத்தகப் படங்களில் அம்புக்குறி போட்டு அதைத் தனியாக அலையவிடுவது எனக்கு எப்போதும் எரிச்சல்.

இந்த இரண்டு குணமும்தான் ஸ்டிரிப்பில் வேலை செய்கின்றன. ரத்தத்திலிருக்கும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு தன் இரண்டு எலக்ட்ரான்களை எஃப்.ஏ.டி.யிடம் ஒப்படைக்கிறது. மஞ்சளாக இருந்தது ஏறக்குறைய நிறமற்றுப் போகிறது. எஃப்.ஏ.டி. புரதத்துக்குள் ஆழத்தில் புதைந்திருப்பதால் மின்முனையை நேரடியாக எட்டாது. அதனால் நடுவில் ஒரு தரகர், பல ஸ்டிரிப்களில் ஃபெர்ரிசயனைடு. அதன் மூலக்கூறு ஒன்று ஒரு எலக்ட்ரானைத்தான் சுமக்கும். சில்லறை மாற்றுகிறவரின் தேவை இங்கேதான். தரகர் கொண்டுவந்து சேர்த்த எலக்ட்ரான்கள் மின்னோட்டமாகின்றன. அதைத்தான் நாம் 142 என்று படிக்கிறோம்.

முதலில் பயன்படுத்திய என்சைம் குளுக்கோஸ் ஆக்சிடேஸ். இதை ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சையிலிருந்து எடுக்கிறார்கள். வெங்காயம் உரிக்கும்போது தோலில் கறுப்பாகப் பொடி ஒட்டியிருக்குமே, அதே பூஞ்சைதான். இந்த என்சைம் இயல்பாக எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் கொடுத்துப் பழகியது. அதனால் ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளியிடம் அளவு குறைவாகக் காட்டக்கூடும். எஃப்.ஏ.டி.யையே வைத்துக்கொண்டு ஆக்சிஜனைச் சட்டை செய்யாத இன்னொரு என்சைம் உண்டு: குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ். டப்பாவில் ஜி.டி.ஹெச்.-எஃப்.ஏ.டி. என்று போட்டிருக்கும்.

இதே டிஹைட்ரஜனேஸில் எஃப்.ஏ.டி.க்குப் பதிலாக பி.கியூ.கியூ. என்ற துணைப்பொருள் கொண்ட ரகமும் இருந்தது. அதற்குக் குளுக்கோஸுக்கும் மால்டோஸுக்கும் வித்தியாசம் தெரியாது. வயிற்றில் திரவம் விட்டுச் செய்யும் டயாலிசிஸில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவம் பயன்படுகிறது. உடம்புக்குள் போனதும் அது மால்டோஸாக உடைகிறது. ஸ்டிரிப் அதையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்து உயர்வாகக் காட்டும். இன்சுலின் போடுவார்கள். உண்மையான குளுக்கோஸ் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். 1997 முதல் 2009 வரை இப்படி 13 மரணங்கள் தங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதாகச் சொல்லி, அமெரிக்க உணவு மருந்துத் துறை 2009-இல் எச்சரிக்கை விட்டது. மெஷின் பழுதாகவில்லை. செவிலியரும் கவனக்குறைவாக இல்லை. என்சைம் எது என்று யாரும் பார்க்கவில்லை.

பிஸ்கட் பாக்கெட்டில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி போடத் தெரிந்த நாட்டில், ஸ்டிரிப் டப்பாவின் முகப்பில் என்சைமின் பெயரையும், யார் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில், தமிழில் போடுவது முடியாத காரியமா? இப்போது அது எட்டாக மடித்த தாளில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் கிடக்கிறது. சர்க்கரையால் பார்வை மங்கியவர்கள் படிக்க வேண்டிய தாள் அது!

அதுவரை நாமே செய்ய வேண்டியது. ஸ்டிரிப்பில் இருப்பது புரதம். ஈரமும் வெயிலும் அதைக் கெடுக்கும். டப்பாவின் உட்புறத்தில் ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது, ஆகவே எடுத்தவுடன் மூடுங்கள். வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். வண்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்திப் பார்த்துவிட்டு 300 என்று அலறாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். ரத்தசோகை இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். வைட்டமின் சி அதிகம் எடுப்பவர்களுக்கும் பல ஸ்டிரிப்களில் அப்படித்தான்.

இன்னொன்று. ஐ.எஸ்.ஓ. 15197 என்ற 2013-ஆம் ஆண்டுத் தரவிதிப்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 முறை 15 சதவீதத்துக்குள் கூடக் குறைய இருந்தால் போதும். லேபில் 200 என்றால் வீட்டில் 170-ம் சரி, 230-ம் சரி. ஒரே ஒரு நம்பரைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் வேண்டாம்; அது டாக்டர் வேலை.

சொந்தத்தில் வயிற்று டயாலிசிஸ் செய்பவர் யாராவது இருந்தால் இன்றே அவர் வீட்டுக்குப் போன் போட்டு டப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் உங்கள் டப்பாவில் என்ன பெயர் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கள் வீட்டு டப்பாவை நான் அப்படித்தான் படித்தேன்.