ஆடுகளத்துச் செங்கோல்

மாலை வேளையில் பள்ளித் திடலில் பந்து உதைத்த பிள்ளைகளுள் பலர் இன்று கைப்பேசித் திரையில் ஆடுகின்றனர். கிள்ளானில் இருக்கும் மாணவன் மணிலாவில் இருக்கும் முகமறியாத் தோழனோடு அணி சேர்கிறான். ஜகார்த்தாவில் இருப்பவனை எதிர்த்து நிற்கிறான். இதனை வீண் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடும் காலம் கடந்துவிட்டது. 2019ஆம் ஆண்டு பிலிப்பைன்சில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுகளுக்கும் பதக்கங்கள் வழங்கப்பெற்றன. அதே ஆண்டில் மொபைல் லெஜெண்ட்ஸ் ஆட்டத்தின் முதல் உலகப் போட்டி கோலாலம்பூரிலேயே நடந்தேறியது. திடல் மாறியிருக்கிறது, திடலில் எழும் சினமும் பூசலும் மாறவில்லை. தோற்றவன் ஏசுகிறான், வென்றவன் எள்ளுகிறான், புதிதாய் வந்த சிறுவன் இருவரிடமும் வசை கேட்கிறான்.

அங்கே ஒழுங்கு காப்போர் நெறியாளர் எனப்படுவர். ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் அமர்த்தியவரும் அவருள் உளர்; ஆட்டக்காரர் நடுவிலிருந்தே ஊதியமின்றித் தொண்டாற்ற முன்வந்தவரும் உளர். எச்சரிக்கவும், பேச்சைத் தடுக்கவும், சில நாள் விலக்கி வைக்கவும், அடியோடு வெளியேற்றவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அவ்வதிகாரத்தை எத்துணைக் கண்டிப்போடு செலுத்த வேண்டும் என்பதே வினா. “விளையாட்டுத்தானே, விட்டுவிடுங்கள்” என்பர் ஒரு சாரார். “முதற்பிழைக்கே வெளியேற்றுங்கள், மற்றவன் அஞ்சி அடங்குவான்” என்பர் மறு சாரார். இரண்டும் பிழையான விடைகளே. கண்டிப்பு தண்டனையின் கடுமையில் இல்லை; நடுநிலை வழுவாமையில் இருக்கிறது.

முதலில், விட்டுவிடச் சொல்வோரின் வாதத்தை எடுத்துக்கொள்வோர் ஒரு பழைய நிகழ்ச்சியை அறிய வேண்டும். அமெரிக்காவில் சீராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் என்பார் 1990இல் லாம்டாமூ என்னும் கற்பனை உலகைக் கணினியில் நிறுவினார். பலர் கூடி ஆடும் ஆட்டங்களின் வழிவந்த அவ்வுலகில் படம் கிடையாது, எல்லாம் எழுத்தே. மக்கள் தொகை பெருகப் பெருகப் பூசலும் பெருகிற்று. 1992ஆம் ஆண்டின் இறுதியில் அதன் நெறியாளர்கள், இனித் தொழில்நுட்பப் பணியை மட்டுமே செய்வோம், மக்களின் வழக்குகளில் தலையிடமாட்டோம் என்று அறிவித்து ஒதுங்கினர். விட்டுவிடுதலே நன்று என்போர் விரும்பும் ஏற்பாடு இதுவேயன்றோ?

விளைந்தது என்ன? 1993ஆம் ஆண்டில் ஒருவர், பிறருடைய பாத்திரங்கள் பாலியல் இழிவுக்கு ஆளாவதாக எழுத்துத் தோன்றச் செய்யும் ஒரு நிரலைப் பொதுக் கூடத்தில் ஏவினார். எழுத்துத்தான், எனினும் அதற்கு ஆளானோர் மெய்யாகவே புண்பட்டனர். ஊர் கூடிப் பேசிற்று, முடிவு எட்டவில்லை. இறுதியில் நெறியாளர் ஒருவர் எவரையும் கேளாது, தாமாகவே அந்தப் பாத்திரத்தை நீக்கினார். ஒழுங்குமுறை இல்லாத இடத்தில் உரிமை தழைக்கவில்லை. முதலில் வன்மை ஆண்டது, அடுத்துத் தனி ஒருவரின் சினம் ஆண்டது. அதன்பின் கர்ட்டிஸ் வாக்கெடுப்பு முறையை ஏற்படுத்தினார். அதுவும் போதாமையால் 1996இல் நெறியாளர்கள் வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை மீண்டும் ஏற்றனர். கோலைக் கீழே போட்டுவிட்டால் அது மறைந்துவிடுவதில்லை. வலியவன் கைக்குப் போகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி, மறுசாரார் கூற்றை நோக்குவோம். தீயோர் சிலர் இருக்கின்றனர். அவர்களைக் களையெடுத்துவிட்டால் களம் தூய்மையாகிவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. 2009இல் வெளிவந்த லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் ஆட்டத்தை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனம் தன் ஆட்டக்காரரின் பேச்சை ஆராய்ந்து பார்த்தது. எப்போதும் தீமையே புரிவோர் ஏறத்தாழ 1 விழுக்காட்டினர். களத்தில் நிகழும் தீய பேச்சில் அவர்களால் விளைவது ஏறத்தாழ 5 விழுக்காடே. எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி, பிற நாள்களில் ஒழுங்காக இருந்து ஏதோ ஒரு நாளில் நிலைதவறிய இயல்பான மனிதர்களிடமிருந்து வந்தது. முதற்பிழைக்கே வெளியேற்றும் சட்டம் ஆளும் களத்தில் வீழ்வோர் பெரும்பாலும் கயவர் அல்லர். வீட்டுக் கவலையோடு வந்து அமர்ந்த பிள்ளையே முதலில் வீழ்வான்.

அதே நிறுவனம் வேறொன்றும் செய்து பார்த்தது. எதிரணியோடு பேசும் வசதியை மூடிவைத்து, வேண்டுவோர் தாமே திறந்துகொள்ளலாம் என்று விட்டது. எவரும் வெளியேற்றப்படவில்லை. பேச்சின் அளவும் குறையவில்லை. ஆயினும் தீய பேச்சு 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. நற்பேச்சு ஏறத்தாழ 35 விழுக்காடு உயர்ந்தது. கையை நீட்டிக் கதவைத் திறக்க வேண்டியிருந்த அந்த ஒரு கணமே பலரைச் சிந்திக்க வைத்தது. பிரம்பு செய்யாததைக் கதவு செய்தது.

கண்மூடித்தனமான கடுமைக்கு இன்னோர் இழுக்கும் உண்டு. 2019ஆம் ஆண்டு அக்டோபரில், ஹார்த்ஸ்டோன் ஆட்டத்தில் வென்ற ஹாங்காங் ஆட்டக்காரர் ஒருவர், போட்டிக்குப் பிந்திய நேர்காணலில் தம் ஊரின் போராட்டத்தை ஆதரித்து முழக்கமிட்டார். பிளிசார்ட் நிறுவனம் அவரை ஓராண்டுக்கு விலக்கிப் பரிசுத் தொகையையும் பறித்தது. அதற்கு மேற்கோளாகக் காட்டிய விதி, மக்களுள் ஒரு பகுதியினரின் மனத்தைப் புண்படுத்துவதும் நிறுவனத்தின் பெயரைக் கெடுப்பதும் குற்றம் என்றும், எது அத்தகையது என்பதை நிறுவனமே தன் விருப்பப்படி முடிவு செய்யும் என்றும் கூறிற்று. உலகெங்கும் கண்டனம் எழவே, சில நாள்களில் விலக்கு ஆறு மாதமாகக் குறைந்தது, பரிசும் திரும்பியது. எதனையும் குற்றமாக்கவல்ல விதி, விதியே அன்று. சில நாள்களில் பாதியாகும் தண்டனை, எண்ணிப் பார்த்து அளந்த தண்டனையும் அன்று.

மனிதர் வேண்டா, கணினியே காவல் புரியட்டும் என்பாரும் உளர். 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் நகரத்து மக்களை ஓர் இணைய நிறுவனத்தின் சொல் வடிகட்டி பதிவு செய்யவிடாமல் தடுத்தது. அவ்வூர்ப் பெயரின் நடுவே ஓர் இழிசொல்லின் எழுத்துகள் அமைந்திருந்தமையே அவர்கள் செய்த குற்றம்! எழுத்தைப் பார்க்கும் கருவி கருத்தைப் பார்ப்பதில்லை.

அவ்வாறாயின் உண்மைக் கண்டிப்பு யாது? திருக்குறளில் செங்கோன்மை 55ஆம் அதிகாரம், கொடுங்கோன்மை 56, வெருவந்த செய்யாமை 57, கண்ணோட்டம் 58. ஆளும் முறையைச் சொன்ன வள்ளுவர், அதன் திரிபைச் சொல்லி, குடிகள் அஞ்சும்படி நடவாமையைச் சொல்லி, அதனை அடுத்தே கண்ணோட்டத்தை வைத்தார். இந்த வரிசையே நெறியாளருக்கு ஒரு பாடமாகும். ஆராயாமல் ஒறுப்பவனிடமும், ஒறுக்க வேண்டியதை ஒறுக்காதவனிடமும் கோல் நேராக நிற்பதில்லை.

நடைமுறையில் இது நான்கு கடமைகளாக விரியும். விதிகள் சிலவாகவும், சிறுவனும் படித்து உணரக் கூடியனவாகவும் இருத்தல் வேண்டும். முதல்தர ஆட்டக்காரனுக்கும் நேற்று வந்தவனுக்கும் அவை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அணிக்கு வெற்றி தேடித் தருகிறான் என்பதற்காக ஒருவனுடைய வசையைக் கேளாததுபோல் இருக்கும் நெறியாளர் அக்கணமே பதவியை இழந்தவராவார். தண்டனை படிப்படியாக ஏறுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தண்டிக்கப்பட்டவனுக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். ரயட் நிறுவனம் 2011 முதல் 2014 வரை ஆட்டக்காரரே ஆட்டக்காரரின் வழக்கைத் தீர்க்கும் மன்றம் ஒன்றை நடத்தியது. தண்டனை பெற்றவருக்கு அவர்தம் சொற்களையே எடுத்துக் காட்டியபோது, காரணம் அறியாது தண்டனை பெற்றோரைவிட அவர்கள் மிகுதியாகத் திருந்தினர். ஆசிரியப் பணியில் முதிர்ந்தோர் எவருக்கும் இது புதுமையாகத் தோன்றாது. காரணம் தெரியாது வாங்கிய அடி வஞ்சத்தை வளர்க்கும்; காரணம் தெரிந்து பெற்ற கண்டனம் நாணத்தை வளர்க்கும்.

எல்லாவற்றிற்கும் படிமுறை பார்த்துக்கொண்டிருந்தால் பேரிடர் நேராதோ என்பது நியாயமான தடை. நேரும். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூர் உள்துறை அமைச்சு வெளியிட்ட அறிக்கை ஒன்று, 16 வயது மாணவர் ஒருவர் ரோப்ளாக்ஸ் ஆட்டத்தில் தீவிரவாத இயக்கத்தின் போர்க்களங்களைப் போல் அமைக்கப்பட்ட ஆட்ட உலகங்களில் சேர்ந்து, அவ்வியக்கத்தின் போராளியாக நடித்ததை எடுத்துரைத்தது. உயிருக்கு அச்சுறுத்தல், பயங்கரவாதத்துக்கு ஆள் சேர்த்தல், சிறுவரைத் தீய நோக்கோடு நெருங்குதல் ஆகிய மூன்றிலும் எச்சரிக்கைக்கு இடமில்லை. அக்கணமே கதவை அடைத்து, உரிய அதிகாரிகளுக்கு அறிவிப்பதே அறம். ஆனால் கொள்ளை நோய்க்கு வகுத்த மருந்தைத் தடுமனுக்கும் கொடுப்பவர் மருத்துவர் ஆகார்.

இலட்சக்கணக்கானோர் ஆடும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் காரணம் கூறல் இயலுமோ என்பது அடுத்த தடை. ஒருவனை வெளியேற்ற நேரம் இருக்குமாயின், ஏன் வெளியேற்றப்பட்டான் என்று இரு வரி எழுதவும் நேரம் இருக்கவே செய்யும். இல்லையெனில் குறை நேரத்தில் இல்லை. நெறியாளரின் எண்ணிக்கையில் இருக்கிறது. அதனைக் கூட்டுவது நிறுவனத்தின் கடன்.

தமிழாசிரியரும் மாணவரும் இதில் எட்ட நின்று வேடிக்கை பார்ப்பதற்கில்லை. தமிழ் வசைச் சொல்லை உரோமன் எழுத்தில் பத்து விதமாக எழுதலாம். பத்தும் வடிகட்டியின் கண்ணுக்குத் தப்பும். அச்சொல்லின் கொடுமை தமிழ் அறிந்தவனுக்கே விளங்கும். சாதியைச் சொல்லி, நிறத்தைச் சொல்லி, தோட்டத்துப் பிறப்பைச் சொல்லி ஒரு சிறுவனை இழிவுபடுத்தும் சொல் நட்பு உரையாடல் போலவே அங்கே ஓடிக்கொண்டிருக்கும். அதனை இனங்கண்டு தடுக்கத் தமிழ் கற்ற இளைஞர் நெறியாளராக முன்வர வேண்டும்.

முன்வருவோர் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. பழைய திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் இல்லாத வேளையில் சட்டாம்பிள்ளை ஒருவன் வகுப்பை ஆண்டான். வேண்டாதவனுக்கு அடியும் வேண்டியவனுக்கு விலக்கும் அளித்த சட்டாம்பிள்ளைக்குப் பிள்ளைகள் அஞ்சினர்; எவரும் மதிக்கவில்லை. அச்சம் ஆள் மறைந்ததும் மறையும். மதிப்பே ஆள் இல்லாத இடத்திலும் ஒழுங்கைக் காக்கும். நீதி என்பது யாது என்னும் முதற் பாடத்தை இன்று பல பிள்ளைகள் வகுப்பறையில் கற்பதற்கு முன்பே ஆடுகளத்தில் கற்றுவிடுகின்றனர். அங்கே கோல் கோணினால், பின்னர் ஆசிரியர் எத்தனை முறை அறநூலை விளக்கினாலும், “இதெல்லாம் ஏட்டில்தான்” என்றே அப்பிள்ளை எண்ணுவான்.