கதவு திறக்காவிட்டாலும் காசு!

வீட்டுக்கு யாரை அழைப்பது, யாரை வேண்டாம் என்பது வீட்டுக்காரர் இஷ்டம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், "இன்னொரு தரம் யோசிச்சுப் பாருங்க" என்று கேட்டவரிடம், "கோர்ட்டுக்குப் போ!" என்பது என்ன நியாயம்?

ஜெர்மனி இப்போது இதைத்தான் செய்கிறது.

அங்கே ஊர் சுற்றவோ, உறவினரைப் பார்க்கவோ போகும் இந்தியர் 'ஷெங்கன்' விசா எடுக்க வேண்டும். ஜெர்மனி உள்பட 29 நாடுகளுக்கும் இந்த விசா பொது. எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம்.

அதற்கு என்னென்ன கேட்கிறார்கள்? திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட். 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ். தங்குமிடத்துக்கு அத்தாட்சி. பேங்க் கணக்கு. ஊர் திரும்புவார் என்பதற்கு ஆதாரம். கேட்கட்டும். அவர்கள் நாடு, அவர்கள் சட்டம்.

கட்டணம்? 80 யூரோவாக இருந்தது, 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ ஆகிவிட்டது. நம் பணத்தில் 9,000 ரூபாய்க்குக் குறையாது. விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டினது கட்டினதுதான். மனுவைப் பார்க்கத்தான் கட்டணமாம், விசாவுக்கு இல்லையாம்!

2024-ல் மட்டும் இந்தியாவில் 11 லட்சம் பேருக்கு மேல் ஷெங்கன் விசாவுக்கு மனுப் போட்டார்கள். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் 'இல்லை' என்ற பதில்தான் வந்தது. அச்சடித்த படிவத்தில் காரணத்துக்கு நேரே ஒரு குறி. அவ்வளவுதான்.

முன்பு ஜெர்மனியில் ஒரு நல்ல வழி இருந்தது. விசா மறுக்கப்பட்டவர், "இந்தக் காகிதத்தைக் கவனிக்கலீங்களே" என்று தூதரகத்துக்கே கடிதம் எழுதலாம். காசு கிடையாது. அதிகாரிகள் மறுபடி பார்ப்பார்கள். 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் இந்த வழியை அடைத்துவிட்டார்கள்.

இனி இரண்டே வழி. மறுபடி 90 யூரோ கட்டிப் புது மனுப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாகக் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். அதுவும் ஜெர்மன் மொழியில்! பேரனைப் பார்க்கக் கிளம்பிய பாட்டி, பெர்லினில் வக்கீல் தேடிக்கொண்டிருப்பாரா?

அவர்கள் பக்கமும் ஒரு காரணம் உண்டு. 2023 முதல் சில தூதரகங்களில் சோதித்துப் பார்த்தார்களாம். கடிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் புது மனுக்களைக் கவனிக்க, கூடுதல் விசா கொடுக்க முடிந்ததாம். வரிசை குறைந்தால் எல்லோருக்கும் நல்லதுதான். அதற்காக, கூட்டம் சேர்ந்துவிட்டது என்று கடைக்காரர் தராசைத் தூக்கி வீசலாமா?

விசா கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எந்தக் காகிதம் போதவில்லை என்று விளங்கும்படி எழுதட்டும். குறையைச் சரிசெய்து உடனே திரும்ப வருகிறவரிடம் முழுக் கட்டணம் வாங்காமல் இருக்கட்டும். டெல்லி அரசாங்கமும் ஜெர்மனியோடு பேசும்போது இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

வாங்கின காசுக்குத் தெளிவான பதில் வேண்டும் என்பது சலுகை அல்ல. நியாயம்!